ஸ்போர் சூட்டுக்கு அசையாது, ஸ்போர் கட்டும் வேலை அசையும்

"மிஞ்சின சோற்றை வெளியே வைக்காதே, சூட்டில் கிருமி மாறி ஸ்போர் போட்டுவிடும்." டர்பன் கோடையில் சாட்ஸ்வொர்த் சமையற்கட்டிலோ ஃபீனிக்ஸ் சமையற்கட்டிலோ இப்படி ஒரு பேச்சு காதில் விழும். சொல்கிற புத்தி சரி. காரணம்தான் தலைகீழ். ஸ்போர் என்ற உறங்குநிலைக் கிருமி அரிசியில் வயலிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. கொதிக்கிற உலையிலும் சாகாமல் கிடக்கிறது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்குகிறது. பாசில்லஸ் சீரியஸ் என்ற அந்த பாக்டீரியா அடுப்புச் சூட்டில் வேறொன்றாக மாறுவதில்லை.

இதே குழப்பம் வேறு உருவத்தில் பல்கலைக்கழகம் வரை போகிறது. மெட்ரிக்கில் லைஃப் சயன்ஸஸ் நன்றாகப் படித்த பிள்ளைகளே 'வெப்பநிலை உணர் ஸ்போர் சடுதிமாற்றம்' என்ற தொடரைக் கண்டதும் 'சூட்டில் செத்துப்போகும் ஸ்போர்' என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். ஸ்போர் சூட்டைத் தாங்குவது ஒரு சங்கதி. ஸ்போரை உருவாக்கும் வேலை சூட்டில் நின்றுபோவது இன்னொரு சங்கதி. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைத் தெளிவாக்காமல் அதற்குள் போக முடியாது.

ஸ்போர் என்பது என்ன

ஸ்போர் என்பது சில பாக்டீரியாக்கள் பட்டினிக்காலத்தில் தமக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் உறங்குநிலைச் செல். பாடநூல்கள் அகவித்து என்கின்றன. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஸ்போர் என்றுதான் பேசுவதால் இங்கும் அப்படியே. இது இனப்பெருக்கம் இல்லை: ஒரு செல்லிலிருந்து ஒரு ஸ்போர், முளைத்தால் மறுபடி ஒரு செல்.

அதன் உறுதிக்கு மூன்று காரணங்கள் முக்கியம். உள்கருவில் தண்ணீர் மிகக் குறைவு. கால்சியத்தோடு சேர்ந்த டைபிகோலினிக் அமிலம் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கே அடைந்து கிடக்கிறது. சிறிய புரதங்கள் டி.என்.ஏ.வை இறுக்கிப் போர்த்தியிருக்கின்றன. இவற்றுக்கு வெளியே தடித்த கார்டெக்ஸ் சுவர், அதற்கும் வெளியே பல அடுக்குப் புரத மேலுறை. சாதாரணச் செல்லை 80 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தால் சாகும், ஸ்போர் சாகாது. அதைக் கொல்ல ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியோடு 121 டிகிரியில் 15 நிமிடம் வேண்டும்.

80 டிகிரி, 20 நிமிடம் என்ற இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் அதுவே அளவுகோலாக வரும்.

கட்டி முடிக்க ஒரு பகல் பொழுது

இந்தத் துறையின் செல்லப்பிள்ளை பாசில்லஸ் சப்டிலிஸ். மண்ணில் வாழ்வது, நோய் தராதது. 37 டிகிரியில் சத்தான ஊடகத்திலிருந்து (ஊடகம் என்பது பாக்டீரியாவை வளர்க்கும் கரைசல்) சத்துக் குறைந்த ஊடகத்துக்கு அதை மாற்றினால், அந்த நிமிடத்திலிருந்து ஏழெட்டு மணி நேரத்தில் ஸ்போர் வெளியே வந்துவிடும். இப்படி எல்லாச் செல்களையும் ஒரே நேரத்தில் பட்டினி போட்டு வேலையைத் தொடங்கவைக்கும் முறையை ஸ்டெர்லினியும் மேண்டல்ஸ்டமும் 1969-ல் வெளியிட்டார்கள். ஜோயல் மேண்டல்ஸ்டம் தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானவர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமலே போவது வருத்தம்தான்.

உள்ளே நடப்பது வரிசையாக இது. பட்டினிச் செய்தி ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, கடைசியில் ஸ்போ-ஜீரோ-ஏ என்ற தலைமைப் புரதத்தில் பாஸ்பேட்டாக ஏறுகிறது. போதுமான அளவு ஏறியதும் செல் நடுவில் பிரியாமல் ஒரு முனைக்கு அருகே குறுக்குச்சுவர் எழுப்புகிறது, சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில். இப்போது பெரிய அறை ஒன்று, சிறிய அறை ஒன்று. பெரியது தாய்ச் செல், சிறியது ஸ்போராகப் போவது. சுவர் எழும்பும்போது சிறிய அறைக்குள் குரோமோசோமில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மீதியை ஒரு பம்புப் புரதம் உள்ளே இழுத்துவிடுகிறது. பிறகு தாய்ச் செல் சிறிய அறையைச் சுற்றி வளைத்து விழுங்குகிறது. விழுங்கிய பின் கார்டெக்ஸ், மேலுறை, முதிர்ச்சி. ஐந்தாறு மணி நேரத்தில் பேஸ்-கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் செல்லுக்குள் பளிச்சென்ற முட்டை வடிவப் புள்ளி தெரியும். இறுதியில் தாய்ச் செல் கரைந்து ஸ்போரை வெளியே விடுகிறது.

எந்த நேரத்தில் எந்த மரபணு விழிக்க வேண்டும் என்பதை நான்கு சிக்மா காரணிகள் முறைவைத்து நடத்துகின்றன. சிக்மா காரணி என்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி எந்த மரபணுக்களைப் படிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் புரதம். சிறிய அறையில் முதலில் எஃப், உடனே தாய்ச் செல்லில் இ, விழுங்கல் முடிந்ததும் உள்ளே ஜி, கடைசியாகத் தாய்ச் செல்லில் கே. ஒன்று வேலை செய்தால்தான் அடுத்ததற்குச் சமிக்ஞை போகும்.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: கட்டி முடித்த ஸ்போர் கல் மாதிரி. கட்டுகிற வேலையோ நூற்றுக்கணக்கான சாதாரணப் புரதங்களை நம்பியிருக்கிறது. அந்தப் புரதங்களுக்கு ஸ்போரின் உறுதி எதுவும் கிடையாது.

சயாமீஸ் பூனையின் கறுத்த காது

சடுதிமாற்றம் என்பது டி.என்.ஏ. எழுத்துவரிசையில் நிலைத்துவிட்ட மாற்றம். அதில் ஒரு வகைதான் வெப்பநிலை உணர் சடுதிமாற்றம். மரபணுவின் வேலை ஒரு வெப்பநிலையில் நடக்கும், இன்னொன்றில் நடக்காது. ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக டி.எஸ். என்பார்கள்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு சயாமீஸ் பூனை போதும். உடம்பு வெளிர் நிறம், காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுப்பு. கறுப்பு நிறமியைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியில் 302ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் உட்கார்ந்திருக்கிறது. உடம்புச் சூட்டில் அந்த நொதி வேலை செய்யாது, குளிர்ந்த ஓரங்களில் செய்யும். தாய் வயிற்றுச் சூட்டில் வளர்ந்ததால் குட்டி வெள்ளையாகப் பிறந்து, வெளியே வந்த பிறகுதான் காது கறுக்கத் தொடங்குகிறது.

பூனையின் எல்லாச் செல்லிலும் அதே சடுதிமாற்றம்தான் இருக்கிறது, காதிலும் வயிற்றிலும். குளிர் அதை உண்டாக்கவில்லை, சூடும் உண்டாக்கவில்லை. எங்கே விளைவு வெளியே தெரிகிறது என்பதை மட்டும் வெப்பநிலை தீர்மானிக்கிறது. பாக்டீரியாவிலும் இதுதான் கதை. 'சூடு பட்டதால் சடுதிமாற்றம் வந்தது' என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

புரதம் ஏன் குலைகிறது

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம் வியக்கத்தக்க அளவு சிறியது. பல புரதங்களில் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். உள்ளே இறுக்கமாகப் பொருந்தியிருந்த ஓர் அமினோ அமிலம் மாறிப் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தால் இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். 30 டிகிரியில் மிச்சம் இருப்பது போதும். 47 டிகிரியில் போதாது, புரதம் அவிழ்கிறது. அவிழ்ந்ததைச் செல்லின் சொந்த நொதிகளே வெட்டித் தின்றுவிடுகின்றன. அதனால் திரும்பக் குளிரவைத்தாலும் பழைய புரதம் எழுந்து வராது, பெரும்பாலும் புதிதாகத் தயாரித்தாக வேண்டும்.

வேலை நடக்கும் வெப்பநிலையை ஒத்துவரும் வெப்பநிலை என்றும், நடக்காததை ஒத்துவராத வெப்பநிலை என்றும் இங்கே சொல்கிறேன். பாசில்லஸ் சப்டிலிஸுக்கு வழக்கமாக 30-ம் 45 முதல் 47 வரையும். இயல்பு வகை, அதாவது சடுதிமாற்றம் இல்லாதது, 50 டிகிரிக்கு அருகிலும் வளரும் என்பதால் 47 அதற்குக் கஷ்டமான சூடு இல்லை. குறை சடுதிமாற்றத்தினுடையதா, சூட்டினுடையதா என்று பிரித்துப் பார்க்க இந்த இடைவெளி அவசியம்.

இரண்டு வகையை இங்கேயே பிரித்துக்கொள்வது நல்லது. சில புரதங்கள் மடிந்த பிறகும் சூட்டில் அவிழும். வேறு சில மடியும் நேரத்தில் மட்டும் சூட்டைத் தாங்காது, 30-ல் ஒழுங்காக மடிந்துவிட்டால் பிறகு 47-லும் நிற்கும். முதல் வகையில் சூட்டுக்கு மாற்றியதும் வேலை நின்றுவிடும். இரண்டாவதில் பழைய இருப்பு தீரும்வரை வேலை ஓடும். இதை மறந்துவிட்டால் நேரக்கணக்கு முழுவதும் தள்ளிப்போகும்.

குளிரில் நின்று சூட்டில் ஓடும் சடுதிமாற்றங்களும் உண்டு. பல துண்டுகள் சேர்ந்து அமையும் கூட்டுகளில், ரைபோசோம் போன்றவற்றில், அவை அதிகம் தென்படும். இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.

எதற்காக இந்தச் சிரமம்?

நியாயமான கேள்வி. ஸ்போர் மரபணு ஒன்று முழுதாகக் கெட்டாலும் செல் சாவதில்லை, ஸ்போர் போடாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் மரபணுவை வெட்டி எறிந்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாமே?

பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். ஸ்போ-ஜீரோ, ஸ்போ-டூ, ஸ்போ-த்ரீ என்று மரபணுக்களின் பெயரிலேயே வேலை நிற்கும் கட்டம் இருப்பது அதனால்தான். ஆனால் இரண்டு இடத்தில் வெட்டுவது உதவாது. ஒன்று, வளர்வதற்கும் ஸ்போருக்கும் சேர்த்துத் தேவைப்படும் மரபணுக்கள். குறுக்குச்சுவர் எழுப்பும் எஃப்.டி.எஸ்.இஸட். புரதத்தை வெட்டினால் செல்லே பெருகாது, ஸ்போரைப் பற்றிக் கேட்க ஆள் மிஞ்சாது. அதன் டி.எஸ். வகையை 30-ல் வளர்த்து, பட்டினி போடும் நேரத்தில் சூடேற்றினால், செல்கள் சுவரே இல்லாமல் நீளமான நூலாக இழுத்துக்கொண்டு போவதும், முனைச்சுவரும் எழாமல் ஸ்போர் நின்றுபோவதும் தெரியும். நடுச்சுவருக்கும் முனைச்சுவருக்கும் கருவி ஒன்றுதான் என்று அதிலிருந்து பிடிபடுகிறது. டி.என்.ஏ. நகலெடுப்பும் அப்படித்தான். மேண்டல்ஸ்டமின் கூடம் 1974-ல் நகலெடுப்பில் டி.எஸ். உள்ள வகையைக் கொண்டு எல்லாச் செல்களையும் ஒரே கட்டத்தில் நிறுத்தி, நகலெடுப்பு தொடங்கிய பின் வரும் குறிப்பிட்ட இடைவெளியில் பட்டினி போட்டால்தான் ஸ்போர் நன்றாக வரும் என்று காட்டியது.

இரண்டாவது இடம், நேரம். வெட்டிய மரபணு முதல் நொடியிலிருந்தே இல்லை. அது எத்தனை மணிக்குத் தேவைப்பட்டது என்று அதனிடம் கேட்க முடியாது. டி.எஸ். வகையிடம் கேட்கலாம்.

லோட் ஷெட்டிங் கணக்கு

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். மசாலா அரைக்கும் கிரைண்டர் மட்டும் கரண்டில் ஓடுகிறது, மற்றதெல்லாம் கேஸ் அடுப்பு. காலை ஆறு மணிக்கு லோட் ஷெட்டிங் தொடங்கி அன்றைக்கு முழுவதும் கரண்ட் வராவிட்டால் பிரியாணி இல்லை. எட்டு மணிக்குப் போனாலும் இல்லை. ஒன்பதரைக்குப் போனால் பிரியாணி வந்துவிடுகிறது. சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: கிரைண்டர் வேலை எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் முடிந்திருக்கிறது.

வெப்பநிலை மாற்றச் சோதனை இதுதான். டி.எஸ். வகையை 30-ல் பட்டினி போட்டு, அரை மணிக்கு ஒரு குடுவையாக 47-க்கு மாற்றுகிறோம். மறுநாள் ஒவ்வொன்றிலும் ஸ்போரை எண்ணுகிறோம். எந்த மணி வரை மாற்றினால் ஸ்போர் இல்லை, எந்த மணிக்குப் பிறகு மாற்றினால் இருக்கிறது என்ற எல்லைதான் அந்தப் புரதத்தின் வேலை முடியும் நேரம். எதிர்த்திசையும் உண்டு: 47-ல் தொடங்கி, அரை மணிக்கு ஒன்றாக 30-க்கு இறக்குவது. எந்த மணி வரை இறக்கினால் தப்பிக்கிறது என்பது, அந்தப் புரதம் எப்போது முதல் தேவைப்படுகிறது என்பதற்கு அருகில் கொண்டுபோய் விடும். இந்த இரண்டு நேரங்களுக்கும் இடைப்பட்டதே சூடு பாதிக்கும் காலம்.

37 டிகிரி நேரக்கணக்கை 30-ல் அப்படியே பொருத்தக் கூடாது. 30-ல் எல்லாமே மெதுவாக நடக்கும். இயல்பு வகையை 30-ல் வைத்து, சுவர் எழும்புவது எப்போது, பளிச்சிடுவது எப்போது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தனி அட்டவணை போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

சுருக்கமாக: மேலே ஏற்றும் சோதனை வேலை எப்போது முடிந்தது என்று சொல்லும். கீழே இறக்கும் சோதனை எப்போது முதல் தேவை என்று சொல்லும். புரதம் சூட்டுக்கு மாற்றிய உடனே அவிழ்கிற வகையாக இருந்தால் மட்டும் இந்த நேரங்கள் துல்லியமாக இருக்கும்.

எங்கே நின்றது என்று கண்ணால் பார்ப்பது

ஸ்போர் இல்லை என்ற எண்ணிக்கை பாதிச் செய்திதான். நின்ற இடத்துக்கு ஏற்ப செல்லின் தோற்றம் மாறும். தலைமைப் புரதம் போனால் முனைச்சுவர் எழாது. தாய்ச் செல்லின் சிக்மா-இ போனால் ஒரு முனையில் சுவர் எழுப்பிய செல், நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல், மறு முனையிலும் இன்னொரு சுவர் எழுப்பிவிடும். சவ்வுக்குச் சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் மூடி போட்ட குழாய் போல் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. பம்புப் புரதம் போனால் சுவர் சரியாக இருக்கும், சிறிய அறைக்குள் குரோமோசோமின் முன்பகுதி மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். கார்டெக்ஸ் கெட்டால் ஸ்போர் வடிவம் வரும், பளிச்சிடாது, மங்கலான சாம்பல் நிறத்தில் கிடக்கும். அது சூட்டைத் தாங்காது. மேலுறையை அடுக்கும் கோட்-இ கெட்டால் நேர்மாறு: 80 டிகிரியைத் தாங்கும், செல் சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதியைத் தாங்காது.

கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். சூடு தாங்கும் ஸ்போரை மட்டும் எண்ணினால் கோட்-இ குறை கண்ணில் படாமலே போய்விடும். அதனால் சந்தேகம் உள்ள வகைக்கு 80 டிகிரி, குளோரோஃபார்ம், லைசோசைம் என்று மூன்று சோதனையும் தனித்தனியாகச் செய்வது வழக்கம்.

எண்ணும் முறை

நான்கு குடுவை இல்லாமல் தொடங்காதீர்கள்: இயல்பு வகை 30-ல், 47-ல், டி.எஸ். வகை 30-ல், 47-ல். இயல்பு வகையே 47-ல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் வெப்பநிலையை 45-க்கு இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

ஊடகம் வழக்கமான ஸ்போர் ஊடகம். ஒரு லிட்டருக்கு நியூட்ரியன்ட் பிராத் பொடி 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.12 கிராம். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து ஆறவைத்த பிறகு, தனியே கிருமிநீக்கம் செய்த கால்சியம் நைட்ரேட் 1 மில்லிமோலார், மாங்கனீஸ் குளோரைடு 10 மைக்ரோமோலார், இரும்பு சல்பேட் 1 மைக்ரோமோலார். இந்த மூன்றையும் முதலிலேயே கொட்டினால் ஆட்டோகிளேவில் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். மாங்கனீஸ் விட்டுப்போனால் எந்த வகையும் எந்த வெப்பநிலையிலும் ஒழுங்காக ஸ்போர் போடாது. நான்கு குடுவையிலும் ஸ்போர் குறைந்தால் முதலில் மாங்கனீஸ் பாட்டிலைத்தான் பாருங்கள்.

250 மில்லி குடுவையில் 25 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். காற்று போதாவிட்டால் ஸ்போர் குறையும். குலுக்கி 24 மணி நேரம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு பங்கு எடுங்கள். ஒன்றை அப்படியே நீர்த்துத் தட்டில் பரப்புவது, மொத்த உயிருள்ள செல் எண்ணிக்கைக்கு. இன்னொன்றை 80 டிகிரி வாட்டர் பாத்தில் 20 நிமிடம் வைத்து நீர்த்துப் பரப்புவது, ஸ்போர் எண்ணிக்கைக்கு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஸ்போர் விகிதம்.

இயல்பு வகையில் மில்லிக்கு 10 கோடி ஸ்போர் அளவில் எதிர்பார்க்கலாம். லட்சம் மடங்கு நீர்த்து 0.1 மில்லி பரப்பினால் தட்டில் சுமார் 100 காலனி (ஒரு செல் அல்லது ஸ்போரிலிருந்து பெருகிய புள்ளி). டி.எஸ். வகை 47-ல் மில்லிக்கு ஆயிரமே தரக்கூடும். அதே 100 காலனி பார்க்க நீர்க்காமலே 0.1 மில்லி பரப்ப வேண்டும். ஆகவே சூடேற்றிய பங்கிலிருந்து நீர்க்காதது முதல் பத்து லட்சம் மடங்கு நீர்த்தது வரை எல்லாவற்றையும் பரப்பிவிடுவது புத்தி. தட்டு மிச்சம் பிடிப்பவர்கள் மறுநாள் மறுபடி 24 மணி நேரம் செலவழிக்க வேண்டிவரும்.

பரப்பிய தட்டு எல்லாவற்றையும் ஒத்துவரும் வெப்பநிலையில், அதாவது 30-ல், வையுங்கள். 47-ல் வளர்த்த குடுவையின் தட்டை 47-லேயே வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்போர் உருவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. முளைத்து வளர்வதும் சூட்டில் தடைப்படும் வகையாக இருந்தால், ஸ்போர் இருந்தும் தட்டு வெறுமையாகக் கிடக்கும்.

எங்கே கோணும்

80 டிகிரிச் சோதனையில் குழாயின் மேல் சுவரிலும் மூடியிலும் தெறித்த துளிகள் சூடாகாமல் தப்பிக்கும். அதிலுள்ள சாதாரணச் செல்கள் தட்டில் ஸ்போர் வேஷம் போடும். டி.எஸ். வகையின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் நாலு துளி போதும் முடிவைக் கெடுக்க. வாட்டர் பாத் தண்ணீர் மட்டம் குழாயில் உள்ள கலவைக்கு மேலே இருக்கட்டும். ஊற்றிய பின் குழாயைக் குலுக்காதீர்கள். தெர்மாமீட்டர் வைத்த வெற்று ஊடகக் குழாய் ஒன்றையும் கூடவே வைத்து, அது 80-ஐத் தொட்ட பிறகு நிமிடத்தை எண்ணத் தொடங்குங்கள்.

மாற்றச் சோதனையில் காற்று இன்குபேட்டர் சோம்பேறி. 30-லிருந்து எடுத்த குடுவை உள்ளே 47 ஆக அரை மணி நேரம்கூட எடுக்கும். அரை மணி இடைவெளியில் குடுவை மாற்றுகிற சோதனைக்கு இது உதவாது. குலுக்கும் வாட்டர் பாத் இருந்தால் சில நிமிடத்தில் முடியும்.

டர்பனில் இன்னொரு தொல்லை, 47 இல்லை, 30. குளிரூட்டும் வசதி இல்லாத சாதாரண இன்குபேட்டரால் சூடேற்றத்தான் முடியும். அறைச் சூட்டைவிட ஐந்து டிகிரி கூடுதலாக வைத்தால்தான் அது நிலையாக நிற்கும். பிப்ரவரியில் ஏசி ஓடாத அறை 30-ஐத் தாண்டும்போது, 30 என்று திருகி வைத்த இன்குபேட்டர் 34, 35-ல் இருக்கும். சில டி.எஸ். வகைகள் அதற்கே பாதி முடங்கிவிடும், ஒத்துவரும் வெப்பநிலையில் ஸ்போர் ஏன் குறைகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். முகப்பில் உள்ள எண்ணை நம்பாமல், உள்ளே தண்ணீர்க் குடுவையில் தெர்மாமீட்டர் போட்டு, காலையிலும் மாலையிலும் குறித்துவையுங்கள். எண்ணுவதற்கு இல்லாமல் ஸ்போர் போடவைக்க 47-ல் வைக்கும் திட ஊடகத் தட்டுகளை ஈரத்துணியோடு மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் ஒரே இரவில் காய்ந்துபோகும்.

பிறகு, 47-ல் கிடைக்கும் அந்த ஒரு சில ஸ்போர். லட்சத்தில் ஒன்று வந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். புரதம் முழுதாகச் சாகாமல் கொஞ்சம் கசிகிறது. அல்லது சில செல்களில் சடுதிமாற்றம் திரும்பச் சரியாகிவிட்டது. தட்டில் வந்த காலனிகளில் பத்தை எடுத்துத் தனித்தனியாக 47-ல் மறுபடி ஸ்போர் போடவையுங்கள். மறுபடி லட்சத்தில் ஒன்றே வந்தால் கசிவு. இயல்பு வகை போலக் குவிந்தால் அது திரும்பிய செல், உங்கள் இருப்பு வளர்ப்பு கலப்படமாகிவிட்டது, உறைநிலையிலிருந்து புதிதாக எடுங்கள். ஸ்போர் ஊடகத் தட்டில் சில நாள் விட்டாலும் ஓரளவு தெரியும்: ஸ்போர் போட்ட காலனி மேலுறை நிறமியால் பழுப்பேறும், போடாதது வெளுத்துக் கண்ணாடி போலாகும்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. குறை இந்த மரபணுவில்தான் என்று சொல்ல, அதன் நல்ல நகல் ஒன்றை அதே செல்லுக்குள் புகுத்திப் பார்க்க வேண்டும். 47-ல் ஸ்போர் திரும்பி வந்தால் சரி. வராவிட்டால் வேறு இடத்திலும் குறை இருக்கிறது.

ஆந்திராக்ஸும் 42 டிகிரியும்

'பாஸ்டர் 1881-லேயே சூட்டில் ஸ்போர் போடாத சடுதிமாற்ற வகையை உண்டாக்கினார்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது இந்தக் குழப்பத்தின் நல்ல மாதிரி. பாஸ்டர் ஆந்திராக்ஸ் பாக்டீரியாவை 42, 43 டிகிரியில் வளர்த்தார். அந்தச் சூட்டில் அது வளரும், ஸ்போர் போடாது. நாளாக ஆக வீரியமும் குறைந்தது. அதையே ஆட்டுக்கும் மாட்டுக்கும் தடுப்பூசியாகப் போட்டார்.

அந்தக் குடுவைக்குள் இரண்டு வேறு காரியங்கள் நடந்தன. அதே வளர்ப்பைத் திரும்பக் குளிர்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் ஸ்போர் மறுபடி வரும், ஆகவே ஸ்போர் நின்றது அந்த இயல்பு வகையின் வெப்ப எல்லை மட்டுமே. வீரியமோ திரும்பி வராது. நஞ்சு மரபணுக்கள் குரோமோசோமுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன, அந்தச் சூட்டில் வளரும்போது வளையமே தொலைந்துபோகிறது என்று 1983-ல் தெரியவந்தது. முதலாவதில் எந்த மரபணுவும் மாறவில்லை, இரண்டாவதில் மரபணுவே இல்லை. இரண்டுமே டி.எஸ். சடுதிமாற்றம் இல்லை. டி.எஸ்.ஸில் மரபணு மாறியிருக்கும், இருக்கவும் செய்யும், குளிரவைத்தால் வேலை திரும்பி வரும், அதே சூட்டில் இயல்பு வகை தடையில்லாமல் வேலை செய்து காட்டும்.

பிரிட்டோரியா பக்கத்து ஆண்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1937-ல் இதற்கு வேறு வழி கண்டார். செல்லைச் சுற்றி உறை போர்த்தும் திறனை இழந்து வீரியம் குறைந்த ஆந்திராக்ஸ் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதில் தொலைந்தது இன்னொரு பிளாஸ்மிட், உறைக்கான மரபணுக்கள் இருப்பது. நஞ்சு மரபணுக்கள் அப்படியே இருப்பதால் மாட்டின் உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. ஸ்போர் போடும் வேலையிலும் குறை இல்லை. 34எஃப்2 என்ற அந்த வகையின் ஸ்போரைத்தான் இன்றும் உலகின் பல நாடுகளில் கால்நடைகளுக்குத் தடுப்பூசியாகப் போடுகிறார்கள். உயிருள்ள தடுப்பூசியாக இருந்தும் அது பாட்டிலில் நீண்ட நாள் கெடாமல் கிடப்பதற்குக் காரணம், உள்ளே இருப்பது ஸ்போர்.